இல்லாத கட்டைவிரல்

சர்க்கரையால் இடது காலை இழந்த பெரியப்பா, இல்லாத கட்டைவிரல் மடங்கிக்கொண்டு வலிக்குதுன்னு ராத்திரியெல்லாம் முனகுவார். பிரமைன்னு விட்டுட்டோம். தப்பு.

உடம்பின் வரைபடம் ஒன்று மூளையில் இருக்கு. உறுப்பு போனாலும் அதற்கான இடம் அழியாது. (எங்க பாஷையில்: பிரிண்டரைக் கழற்றியாச்சு, டிரைவர் ஓடுது!) அந்த வரைபடத்தில் கைக்குப் பக்கத்தில் முகம். அதனால், கை இழந்த சிலரின் கன்னத்தைத் தொட்டால், இல்லாத விரலில் தொடுவதாக உணர்ந்தார்கள். இதை ஆராய்ந்தவர், நம்ம ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். 1990களில் அவர் கொண்டுவந்த வைத்தியத்துக்குக் கண்ணாடி போதும்: இருக்கும் கையின் பிம்பத்தைப் பார்த்து, இல்லாத கையும் அசைவதாக மூளை ஏமாறும். எல்லோருக்கும் பலிக்காது.

பிசியோதெரபிஸ்ட் சொல்லி, ஆர்.ஏ.புரம் வீட்டில் பெரியப்பாவின் கால்களுக்கு நடுவே கண்ணாடியை நிறுத்தினேன். வலது கட்டைவிரலை மெதுவாக நீட்டினார்.

"விரியுதுடா," என்றார்.