பதினாறு வயது வரை கூட வரவேண்டிய எண்

கும்பகோணத்துப் பக்கம் ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்றால், மருந்து மாத்திரைக்கு முன்பே வரும் கேள்வி: “பிக்மி நம்பர் வாங்கியாச்சா?” கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் தொடர்ந்து கவனிக்கத் தமிழகப் பொது சுகாதாரத் துறை 2008இல் தொடங்கிய கணினிப் பதிவேட்டின் பெயர்தான் பிக்மி. அதன் 12 இலக்க எண்ணை 2017இலிருந்து பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்கிறார்கள்.

எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் இந்த எண்ணின் கீழ் ஏறுகின்றன. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். கும்பகோணத்தில் கவனித்த நர்சம்மா ஒருவர், திருப்பூரில் பிரசவம் பார்ப்பவர் வேறொருவர். முதலாமவர் கண்ட ரத்தசோகை இரண்டாமவருக்குத் தெரிய வேண்டும். ஒரு தாயின் உயிரே அந்தத் தகவலில் இருக்கலாம்.

பிறந்ததும் பி.சி.ஜி., 5 வயதுக்கு மேல் டி.பி.டி. ஊக்கத் தவணை, 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. என்று நீள்கிறது தடுப்பூசி அட்டவணை. ஆக, பிள்ளையின் பதிவு 16 ஆண்டாவது படிக்கும்படி இருக்க வேண்டும். அந்தப் பதிவைக் கைபேசிச் செயலி வழியாகப் பார்ப்பதென்றால், எந்தக் கைபேசி அத்தனை காலம் உழைக்கிறது? முதல் ஆண்ட்ராய்டு கைபேசி விற்பனைக்கு வந்ததும் பிக்மி தொடங்கிய அதே 2008இல்தான். அதன்பின் ஏறக்குறைய ஆண்டுக்கொரு புதிய பதிப்பு. பழைய பதிப்புக்கு எழுதிய செயலியைப் புதுப்பிக்காமலே விட்டால், புதுக் கைபேசி வாங்கியவருக்கு அது பிளே ஸ்டோரில் தென்படாமலே போகும். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் கெடு உண்டு; தவறினால் இணைப்பு அறுந்துவிடும். செயலியில் ஒரு எழுத்து மாறாவிட்டாலும் அது பழுதாவது இப்படித்தான்.

டெல்டாக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும், வாய்க்காலில் தூர் வாரவில்லை என்றால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. போன வருஷம் வாரினோமே என்று யாரும் சும்மா இருப்பதில்லை. செயலிக்கு மட்டும் ஒருமுறை செய்து கொடுப்பதற்கான பணம் ஒதுக்கினால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு என்பேன். ஆண்டுதோறும் பராமரிப்புத் தொகை வேண்டும். எழுதிய நிறுவனம் மாறினாலும் பழைய பதிவுகள் புதிய மென்பொருளில் சிதையாமல் ஏற வேண்டும். நிரல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த ஊழியர் துறைக்குள்ளேயே நிரந்தரமாக இருக்க வேண்டும்.

கொரோனா தொற்றைக் கண்காணிக்க 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்ய சேது செயலி சில வாரங்களிலேயே கோடிக்கணக்கான கைபேசிகளில் ஏறியது. தொற்று தணிந்தபின் அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. பிக்மிக்கு அந்த நிலை வரவில்லை. பிறப்புச் சான்றிதழ், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை இரண்டுக்கும் அந்த எண் தேவை என்பதால், குடும்பங்களே அதைத் தேடி வருகின்றன. அப்படி வருகிற ஒவ்வொருவரிடமும் நர்சம்மா மறக்காமல் கேட்கும் இன்னொன்று: “போன் நம்பர் மாத்திட்டீங்களாம்மா?”