வரியும் திட்டமும்
(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

‘வரி’ என்னும் இரண்டெழுத்துச் சொல்லைக் கேட்டதும் நம் பெற்றோரின் நெற்றியில் வரிகள் விழுவதைக் கண்டிருக்கிறோம். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியால் காலியான கருவூலத்தை நிரப்ப, 1860-இல் ஜேம்ஸ் வில்சன் நம் நாட்டில் வருமான வரியைக் கொண்டுவந்தார். அன்று அயலார் ஆட்சிக்குச் சென்ற பணம், இன்று நம் சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் செல்கிறது. ஆகவே வரி கட்டுவது நம் கடமை. ஆனால், தேவைக்கு மேல் கட்ட வேண்டும் என்று சட்டம் கூறவில்லை.

வரி ஏய்ப்பு வேறு, வரித் திட்டமிடல் வேறு. வருமானத்தை மறைப்பதும் பொய்க் கணக்கு எழுதுவதும் ஏய்ப்பு, அது குற்றம். சட்டமே தரும் சலுகைகளை அறிந்து பயன்படுத்துவது திட்டமிடல். சட்டத்திற்கு உட்பட்ட திட்டமிடல் முறையானதே என்றும், போலி ஏற்பாடுகள் அதில் சேரா என்றும் 1985-இல் மெக்டவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

முதலில் மாதச் சம்பளக்காரரைப் பார்ப்போம். 2025-26 நிதியாண்டு விதிகளின்படி பழைய முறை, புதிய முறை ஆகிய இரண்டில் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்கலாம். ஒருவரது ஆண்டுச் சம்பளம் 12,75,000 ரூபாய் என்க. புதிய முறையில் நிலையான கழிவு 75,000 போக மீதி 12,00,000. தள்ளுபடி கிடைப்பதால் வரியே இல்லை. பழைய முறையில் நிலையான கழிவு 50,000, சேமநிதி, காப்பீடு போன்ற சேமிப்புகளுக்கு 1,50,000 ஆகியன போக மீதி 10,75,000. வீட்டுக்கடன், வாடகை போன்ற வேறு கழிவுகள் இல்லையெனில் வரி 1,40,400 ரூபாய். எனவே, இரு முறைகளிலும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரிக்குப் பயந்து மார்ச் மாதத்தில் அவசர அவசரமாகக் காப்பீடு எடுப்பவர்கள் இதைக் கவனிப்பார்களாக! அதே வேளையில், வரிச்சலுகை இல்லையே என்று சேமிக்கும் பழக்கத்தைக் கைவிடவும் கூடாது.

அடுத்து, சிறு வணிகர். நாள்தோறும் 50,000 ரூபாய்க்கு விற்கும் கடை, 360 நாட்களில் 1 கோடியே 80 லட்சம் ரூபாய்க்கு விற்கிறது. ஆண்டு விற்பனை 2 கோடிக்குள் இருந்தால், விரிவான கணக்குப் புத்தகங்கள் இன்றி, விற்பனையில் ஒரு பங்கையே லாபமாகக் காட்டலாம். ரொக்கமாக வந்த தொகைக்கு 8 சதவீதம். காசோலை, வங்கி, கைப்பேசி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதம். முழுவதும் ரொக்கமானால் லாபம் 14,40,000. புதிய முறையில், 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் சேர்த்து வரி 99,840 ரூபாய். முழுவதும் வங்கி வழியானால் லாபம் 10,80,000, வரி இல்லை! ஆனால், உண்மை லாபம் இதைவிட மிகுந்தால் அதையே காட்ட வேண்டும். மறைத்தால், திட்டமிடல் அங்கேயே ஏய்ப்பாகிவிடும். வரி உண்டெனில் முன்வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகச் செலுத்தலாம். கடைக் கல்லாவையும் வீட்டுச் செலவையும் ஒன்றாகக் கலக்காமல், கடைக்கெனத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வது நன்று.

வருமானத்தைக் குடும்பத்தார் பெயரில் பிரித்தால் வரி குறையும் என்று சிலர் எண்ணுகின்றனர். கணவர் மனைவிக்குக் கொடுத்த பணத்தின் வட்டி, கணவரின் வருமானத்திலேயே சேரும். நம்மைப் போன்ற 18 வயது நிரம்பாதவர்களின் வைப்புத்தொகைக்கு வரும் வட்டியோ, தாய் தந்தையரில் அதிக வருமானம் உடையவரின் கணக்கில் சேரும். ஆனால் தோழியரே, ஒரு மகிழ்ச்சியான செய்தி! நாம் நம் சொந்த உழைப்பாலும் திறமையாலும் ஈட்டும் பணம் அவ்வாறு சேராது. அது நம் கணக்காகவே கருதப்படும். சட்டம் நம் திறமையை மதிக்கிறது.

எனவே, வரவு செலவை இன்றே குறிப்பேட்டில் எழுதப் பழகுவோம். மறைக்காமல் கணக்குக் காட்டுவோம். உரிய சலுகையை அறிந்து கேட்போம். வீட்டையும் நாட்டையும் ஒருங்கே வாழவைப்போம்!