காயல் எனும் பெயர் கடந்து வந்த வழி

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் சுவடுகளைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் நம்மை அழைக்கின்றது. நம் மதரஸாக்களில் அவ்வசனங்களுக்கு விரிவுரை சொல்லும் நாம், நம் வீட்டு வாசலிலிருந்து அரைநாள் தொலைவிலுள்ள சுவடுகளைக் கூடப் பெரும்பாலும் காணச் செல்வதில்லை. இக்குறைக்கு இக்கட்டுரையாளனும் விலக்கல்லன்.

மார்க்கோ போலோ குறிப்பிட்ட 'காயில்' துறைமுகம் இன்றைய காயல்பட்டினமே என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பில் ஐயமின்றிச் சொல்லி வந்தேன். ஒருநாள் மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், அப்படியானால் ஆற்றுக்கு அப்பாலுள்ள ஊருக்குப் பழையகாயல் என்று ஏன் பெயர் வந்தது?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. அவ்வினாவே என்னைத் தாமிரபரணியின் கழிமுகத்திற்கு அழைத்துச் சென்றது.

ஆத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில், முன்னாள் மாணவர் ஒருவரின் இல்லத்தில் ஐந்து நாட்கள் தங்கினேன். தூத்துக்குடி - திருச்செந்தூர் நெடுஞ்சாலையின் ஓசை எட்டாத இடம். ஒருபுறம் வாழைத் தோட்டம். மறுபுறம் அகத்தி மரங்களைப் பற்றிப் படர்ந்த வெற்றிலைக் கொடிக்கால். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டால், வெயில் ஏறுமுன் ஓரிடத்தைக் கண்டு திரும்பிவிடலாம்.

முதல் நாள் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறையென்று சங்கப் பாடல்கள் போற்றும் ஊர். கிரேக்க நூலான பெரிப்ளூஸும் தாலமியும் 'கொல்கி', 'கொல்கோய்' என்று குறித்த பட்டினம். இன்று அங்கே கடலைத் தேடுபவர் ஏமாற்றமே அடைவார். ஊரைச் சுற்றி வயலும் குளமும் இருக்கின்றன. கடலோ ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே சென்றுவிட்டது. தமிழகத் தொல்லியல் துறை 1968இல் இங்கு அகழாய்வு செய்தபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டு எனக் கணிக்கப்பட்டது. அருகிலுள்ள அக்கசாலை என்னும் ஊர்ப்பெயர், நாணயம் அடித்த இடத்தை இன்னும் நினைவூட்டிக்கொண்டிருக்கின்றது.

கடல் ஏன் விலகியது? விடை ஆற்றிலேயே இருக்கின்றது. மேற்கு மலையில் பிறக்கும் தாமிரபரணி, ஒவ்வொரு வெள்ளத்திலும் வண்டலைச் சுமந்து வந்து கடலோடு கலக்குமிடத்தில் இறக்கி வைக்கின்றது. ஆழமான துறை மேடாகின்றது. மரக்கலங்கள் அணைய இயலாமற் போகின்றது. வணிகன் கப்பலைத் தொடர்ந்தே செல்வான். எனவே துறைமுகம் ஆற்றுமுகத்தைப் பின்பற்றிக் கிழக்கு நோக்கி நகர்ந்தது. கொற்கைக்குப் பின் காயல் தலையெடுத்தது.

இரண்டாம் நாள், ஆத்தூர்ப் பாலம் கடந்து முக்காணி வழியே பழையகாயல் சென்றேன். 'காயல்' என்பதற்குக் கடலை ஒட்டிய உப்பங்கழி என்பது பொருள். அதாவது, இது முதலில் ஓர் ஊரின் பெயரன்று. ஒரு நில அமைப்பின் பெயர். உப்பங்கழி எங்கே அமைகின்றதோ, அங்கே அப்பெயரும் சென்று அமரும். பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என இச்சிறு கரையில் மூன்று ஊர்கள் ஒரே பெயரைத் தாங்கி நிற்பதன் காரணம் இதுவே.

பழையகாயலைச் சூழ்ந்த வெளிகளில் சீனப் பீங்கான் சில்லுகளைக் கண்டெடுத்த கால்டுவெல், மார்க்கோ போலோவின் காயில் இதுவே என்று 19ஆம் நூற்றாண்டில் வாதிட்டார். போலோவின் நூலுக்கு உரை எழுதிய ஹென்றி யூல் அக்கருத்தை ஏற்றுக்கொண்டார். நம்மவருள் பலர் இதை ஒப்புவதில்லை. நானும் ஒப்பாதவனாகவே இருந்தேன். கால்டுவெல் பாதிரியார் என்பதைக் கூட ஒரு மறுப்புப் போலச் சொல்லியிருக்கிறேன். அது வாதமாகாது என்பதை இன்று உணர்கிறேன்.

இவ்விடத்தில் அரபு எழுத்து பற்றிய நுட்பமொன்றைச் சொல்லியாக வேண்டும். 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், மஅபர் எனப்பட்ட பாண்டிய நாட்டின் துறைகளைப் பற்றி விரிவாகக் கூறுகின்றார். சுந்தர பாண்டியனின் அமைச்சராயிருந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மானிடம் மூன்று துறைகள் ஒப்படைக்கப்பட்டிருந்தன என்பது அவர் தரும் செய்தி. ஃபத்தன், மலீஃபத்தன் ஆகியவற்றுடன் மூன்றாவதாக வரும் பெயரை ஆங்கில மொழிபெயர்ப்பாளர் 'காபில்' என்று படித்தனர். 'பா' எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி. 'யா' எழுத்துக்குக் கீழே இரண்டு. படி எடுத்தவர் ஒரு புள்ளியை விட்டுவிட்டால் காயில் காபிலாகிவிடும்! ஒரு பட்டினத்தின் வரலாறு ஒற்றைப் புள்ளியில் மறைந்து கிடந்தது.

அதே வஸ்ஸாஃப் தரும் குதிரை வணிகச் செய்திகள் வியப்புக்குரியவை. தகியுத்தீனின் சகோதரரும் கைஸ் தீவின் அதிபதியுமான மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பாடு செய்திருந்தார். ஒவ்வொன்றின் விலை 220 செம்பொன் தீனார். வழியில் கடலில் மாண்ட குதிரைகளுக்கும் பாண்டியன் கருவூலமே விலை கொடுத்தது. அரபுக் குதிரை இறங்கிய கரையும் முத்து ஏறிய கரையும் ஒன்றே. நம்பிக்கையின் மீது நடந்த வாணிபம் அது.

மூன்றாம் நாள், ஆறு கடலைச் சேரும் புன்னைக்காயலுக்குச் சென்றேன். பரதவ மக்களின் மீனவ ஊர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இங்கே தங்கினர். தமிழில் நூல்களை அச்சேற்றிய அன்றிக் அடிகளார் வாழ்ந்து பணியாற்றிய ஊரும் இதுவே. முத்துக்குளித்துறையில் நம் முன்னோரும் பரதவரும் போட்டியாளராகவும் கூட்டாளிகளாகவும் இருந்துள்ளனர். ஒருவர் வரலாற்றை விலக்கி மற்றவர் வரலாற்றை எழுத முடியாது.

எஞ்சிய இரு நாட்களும் ஆறுமுகனேரி உப்பளங்களைக் கடந்து காயல்பட்டினம் சென்றேன். ஸதக்கத்துல்லாஹ் அப்பா போன்ற ஞானச் செல்வர் பிறந்த ஊர். அரபுத் தமிழ் வளர்த்த ஊர். இங்குள்ள பழம்பள்ளிகள் கல்தூண் மண்டபங்களாகவும் தட்டையான மேற்கூரையுடனும் அமைந்தவை. தூண்களின் வேலைப்பாட்டில் தமிழ்ச் சிற்பியின் உளியைக் காண்கிறோம். உருவங்கள் மட்டும் இல்லை, பூவும் கொடியும் உண்டு. மெஹர்தாத் ஷொகூஹி 2003இல் வெளியிட்ட தென்னிந்திய இஸ்லாமியக் கட்டடக் கலை பற்றிய ஆங்கில நூலில் இவற்றை அளந்து பதிவு செய்துள்ளார். அப்பணியை நாம் செய்யவில்லை என்பது எண்ணத்தக்கது.

கபுருஸ்தானில் பழைய மீஸான் கற்களைப் படிக்க முயன்றேன். சில கற்களில் பெயர் தெரிகின்றது, ஆண்டு தெரியவில்லை. சிலவற்றில் ஆண்டு உண்டு, பெயர் இல்லை. உப்புக்காற்று ஒருபுறம் அரிக்கின்றது. பக்தியுடன் பூசப்படும் சுண்ணாம்பு மறுபுறம் எழுத்தை மூடுகின்றது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். கொற்கையின் துறையைத் தூர்த்த ஆறு இன்னும் தன் பணியை நிறுத்தவில்லை. அடுத்த வெள்ளம் எதைக் கொண்டுசெல்லும் என்று யார் கூற இயலும்?

இனி, மாணவரின் வினாவுக்கு வருவோம். போலோ கண்ட துறையின் மையம் பழையகாயலாயிருக்கவே வாய்ப்பு மிகுதி என்பது என் இன்றைய முடிவு. இதனால் காயல்பட்டினத்தின் தொன்மைக்கு எள்ளளவும் குறைவில்லை. அதன் பள்ளிகளும் கற்களும் தம் சான்றைத் தாமே சொல்கின்றன. இரவற் பெருமை அவற்றுக்குத் தேவையில்லை. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை ஆராயாமல் ஒரு செய்தியை ஏற்பதில்லை நாம். அந்த நேர்மையை ஊர் வரலாற்றில் மட்டும் ஏன் கைவிட வேண்டும்?

அரபு படிக்கத் தெரிந்த இளைஞர் நம்மிடையே ஏராளம். ஒவ்வோர் ஊரிலும் நால்வர் கூடி, மீஸான் கற்களை மைப்படி எடுத்து, ஒளிப்படம் பிடித்து, படித்த பாடத்தை எழுதி வைத்தால் போதும். புள்ளிகளை மட்டும் கவனமாக எண்ணட்டும்! திரும்பியதும் வகுப்பில் அம்மாணவரை எழுப்பி, என் பழைய விடை பிழையென்று எல்லோர் முன்னும் சொன்னேன். இருபது ஆண்டுகளில் நான் நடத்திய நல்ல பாடங்களுள் அதுவும் ஒன்றென்று கருதுகிறேன்.