120 மீட்டர் ஆழத்தில் ஒரு பழைய மீன்

டைனோசர் காலத்தோடு பூண்டற்றுப் போனதாக விஞ்ஞானிகள் நம்பிய மீன் சீலக்காந்த். 1938-ல் தென்னாப்பிரிக்க மீன்பிடிக் கப்பலின் வலையில் ஒன்று சிக்கிற்று! 2000-ல் அங்கேயே சோட்வானா விரிகுடாவில், 104 மீட்டர் ஆழத்தில் முக்குளிப்போர் அதை உயிரோடு கண்டனர். 2010-ல் பிரெஞ்சுக்காரர் லொரான் பலெஸ்தா 120 மீட்டர் இறங்கிப் படமெடுத்தார்.

இதில் என்ன பிரமாதம் என்பீர்கள். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 120 மீட்டரில் மொத்தம் 13. நம் ரயிலின் ஏர் பிரேக் குழாயிலேயே சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோதான்! அங்கே சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் புத்தியை மயக்கும்; ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பு வரும். ஆகவே ஹீலியம் மிகுந்த கலவை வாயு. வெளிவிட்ட மூச்சிலுள்ள கரியமில வாயுவைச் சுண்ணாம்புக் கலவை உறிஞ்சிக்கொள்ள, மீதி திரும்பவும் சுவாசத்துக்கு வருகிறது. குமிழி கிளம்பாததால் மீனும் மிரளாது.

கஷ்டம் ஏறுவதில்தான். சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தாற்போல ரத்தத்தில் கரைந்த வாயு பொங்கிவிடும். கீழே அரை மணி இருந்தவர் பாசஞ்சர் வண்டி மாதிரி நின்று நின்று, மணிக்கணக்கில் மேலே வரவேண்டும். 2000-ல் படமெடுக்கப் போன குழுவில் ஒருவர் இறந்தே போனார்.

அப்படி எடுத்த படங்களால் என்ன லாபம்? சீலக்காந்தின் வெள்ளைப் புள்ளிகள் மீனுக்கு மீன் வேறு. படத்தை ஒப்பிட்டே எது எந்த மீன் என்று சொல்லிவிடலாம். ஒன்றைக்கூடப் பிடிக்காமல் கணக்கெடுக்கலாம். சோட்வானாவில் அப்படித்தான் கணக்கெடுக்கிறார்கள்.