சுண்டு விரலைக் கேள்

தம்பி, அந்த மண் குவளையை எப்படிப் பிடித்திருக்கிறாய் என்று பார். கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல். சூட்டுக்குப் பயந்து சுண்டு விரல் மட்டும் ஒதுங்கி நிற்கிறது. உன் கைவலிக்கான துப்பு அங்கேதான் இருக்கிறது.

ராத்திரி கை மரத்துப்போய் எழுந்து உதறுகிறேன் என்றாயே, சுண்டு விரலும் மரத்துப்போகிறதா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய சந்து. அடியில் எலும்பு, மேலே கெட்டியான நார்ப்பட்டை. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. தசைநாண் உறை வீங்கினால் நசுங்குவது அந்த நரம்பு. அது உணர்ச்சி தருவது கட்டை விரல் முதல் மோதிர விரலில் பாதி வரைதான். சுண்டு விரலின் நரம்பு வேறு வழியாகப் போகிறது. ஆகவே மற்றவை மரத்து அது மட்டும் தப்பித்தால், கார்ப்பல் டனல் என்று சந்தேகப்படலாம்.

நாள் முழுக்க நீ தட்டும் கம்ப்யூட்டர் மேலேயே முழுப் பழியையும் போட்டுவிடாதே. சர்க்கரை, தைராய்டு குறைவு, கர்ப்பம் எல்லாமே அந்தச் சந்துக்குள் நெருக்கத்தைக் கூட்டும். ரத்தப் பரிசோதனை செய்துகொள். மரப்பே இல்லாமல் வெறும் வலி என்றால், அது தசைநாண் களைப்பாக இருக்கலாம்.

இந்தத் துன்பம் நம் கொல்கத்தாவில் செக்டர் ஃபைவ் ஐ.டி. அலுவலகங்கள் வருவதற்கு முன்பே உண்டு. இத்தாலிய மருத்துவர் ரமாஸினி 1713-லேயே எழுத்தர்களின் கைவலிக்குக் காரணம் சொன்னார்: அசையாமல் உட்காருவது, கை ஓயாமல் ஒரே மாதிரி அசைவது, பிழை வந்துவிடுமோ என்ற பதற்றம். இங்கே டல்ஹௌசியில் ரைட்டர்ஸ் பில்டிங் எழும்பத் தொடங்கியது 1777-ல், கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தர்களுக்காக. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகள்தான் நினைவுக்கு வரும்.

நீ செய்ய வேண்டியது மணிக்கட்டை நேராக வைப்பது. முன்னே மடங்கினாலும் பின்னே வளைந்தாலும் சந்துக்குள் அழுத்தம் ஏறும். கீபோர்டின் பின்கால்களை மடக்கிவிடு. மவுஸைப் பக்கத்திலேயே வை. லேப்டாப்புக்குத் தனிக் கீபோர்டு வாங்கு. தூக்கத்தில் கை நம்மை அறியாமல் சுருண்டுகொள்ளும். அதனால்தான் ராத்திரி தொந்தரவு அதிகம். மணிக்கட்டை நேராக நிறுத்தும் ஸ்ப்ளின்ட்டை மாட்டிக்கொண்டு சில வாரம் தூங்கிப் பார்.

குவளை கைநழுவினாலோ, கட்டை விரலடிச் சதை வற்றினாலோ வலி மாத்திரையில் நாளைக் கடத்தாதே. உடனே மருத்துவரிடம் போ. நரம்பு வேகப் பரிசோதனை எடுக்கச் சொல்வார். தேவைப்பட்டால் அந்த நார்ப்பட்டையை வெட்டி நெருக்கத்தைத் தளர்த்துவார்கள்.

இன்று ராத்திரி விழித்தால், உதறுவதற்கு முன் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்துக்கொள். நாளை டீக்கு வரும்போது சொல்.