ஆழம் பார்க்கும் தொழில்

இலங்கையின் தேசிய அடையாள அட்டை எண்ணுக்குள் அதற்குரியவரின் பிறந்தநாள் பொதிந்து கிடக்கிறது. பழைய எண்ணில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் எழுத்தும் உண்டு. முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்றும் அது அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்ணாயின் அந்த நாளெண்ணுடன் 500 கூட்டப்படும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கமாக விரிந்தது; நாட்கணக்கோ மாறவில்லை. அக்கணக்கில் ஒரு தனி வழக்கம் உண்டு. லீப் ஆண்டாயினும் அல்லாவிடினும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கொள்வர். ஆகவே மார்ச் 1 எந்த ஆண்டிலும் 61ஆம் நாள்; டிசெம்பர் 31 எந்த ஆண்டிலும் 366ஆம் நாள்.

இவ்வழக்கத்தை அறியாத நிரலாளர், கணினி மொழி ஆயத்தமாகத் தரும் நாட்காட்டியிடம் 1990ஆம் ஆண்டின் 61ஆம் நாள் எது என்று கேட்டால், மார்ச் 2 என்று விடை வரும். லீப் ஆண்டில் பிறந்தோர் நீங்கலாக, பெப்ரவரிக்குப் பின் பிறந்த அனைவருக்கும் பிறந்தநாள் ஒருநாள் பிசகிவிடும். சோதனைக்கு எடுத்த எண்கள் யாவும் ஜனவரியில் பிறந்தோருடையவையாகவோ, 1992இலும் 1996இலும் பிறந்தோருடையவையாகவோ அமைந்துவிட்டால் மென்பொருள் மாசற்றதாகவே தோன்றும். பிழை நிரலில் இருக்கும், கண்ணில் படாது. அதைக் கண்ணில் படச் செய்வதே மென்பொருள் சோதனையாளரின் தொழில்.

அவர் எண்களை மனம்போனபடி எடுப்பதில்லை. 001 முதல் 366 வரை ஆண்கள், 501 முதல் 866 வரை பெண்கள் என்று முதலில் வகுப்பார். ஒரு வகுப்பின் உள்ளே கிடக்கும் எண்கள் பெரும்பாலும் ஒரே தன்மையின. ஒன்றைச் சோதித்தால் மற்றவற்றுக்கும் ஓரளவு அது போதும். வரம்புகள் அப்படியல்ல. ‘சிறியது’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘சிறியது அல்லது சமன்’ என்று எழுதிவிடும் கைப்பிசகு அங்கேதான் வெளிப்படும். எனவே 000, 001, 366, 367, 500, 501, 866, 867 என்ற எட்டையும் அவர் தவறாமல் இட்டுப் பார்ப்பார். லீப் அல்லாத 1990ஆம் ஆண்டுக்கு 060 என்று கொடுத்தும் பார்ப்பார். அவ்வாண்டில் அப்படியொரு நாளே இருந்ததில்லை. மென்பொருள் அதை மறுத்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் சோதித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். 32 பிட் அளவுள்ள இரு எண்களைக் கூட்டும் மிகச் சிறிய நிரலை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு நூறு கோடிச் சோதனை நடத்தினாலும் எல்லா இணைகளையும் முடிக்க 580 ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே சோதனை என்பது ஆழம் பார்ப்பதைப் போன்றது. முற்காலத்தில் திருகோணமலை போன்ற துறைமுகங்களின் ஆழத்தை ஈயக்குண்டு கட்டிய கயிறு இறக்கியே அளந்தார்கள். குண்டு தொட்ட இடத்தின் ஆழம் உறுதி. தொட்ட இரு இடங்களுக்கு நடுவே பாறை நிற்கிறதா என்பதைக் கயிறு சொல்லாது. டச்சுக் கணினியறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1969ஆம் ஆண்டு உரோமில் கூடிய மாநாட்டில் வலியுறுத்தியதும் இந்த வரையறையையே: சோதனையால் பிழை உண்டென்று காட்டலாம், இல்லையென்று நிறுவ முடியாது. அப்படியாயின் குண்டை எங்கே இறக்குவது என்ற தெரிவில்தான் இத்தொழிலின் அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது. இறக்க வேண்டிய இடத்தில் இறக்காமல் விட்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1996 ஜூன் 4 அன்று ஏரியன்-5 ஏவுகலம் புறப்பட்டு 40 நொடியளவில் சிதறியது. ஏரியன்-4இன் நிரற்பகுதி ஒன்றை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். 64 பிட் எண் ஒன்று 16 பிட் இடத்துக்குள் அடங்காமல் போயிற்று. புதிய கலம் செல்லும் பாதைக்குரிய எண்களை அப்பகுதிக்கு ஒருவரும் ஊட்டிப் பார்த்திருக்கவில்லை.

இத்தகைய மறைவிடங்கள் எண்களில் மட்டுமன்றி எழுத்துகளிலும் உண்டு. திருகோணமலை மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழ்கிறார்கள். ஒரு பிரதேச செயலகத்தின் படிவத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று மொழியும் வரும். அங்கே ஊரின் பெயரே ஒரு நல்ல சோதனை. ‘திருகோணமலை’ என்பதில் எழுத்து ஆறு. யுனிகோட் அதைப் பத்துக் குறிகளாக வைக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் குறிக்கு மூன்றாக 30 பைட். ஆங்கிலத்தில் அதே பெயருக்கு 11 பைட் போதும். ஆங்கிலத்தை மட்டும் எண்ணி 20 பைட் இடம் ஒதுக்கிய தரவுத்தளத்தில் அது ‘திருகோ’ என்று நின்று, அதன் பின்னால் ‘ண’வின் உடைந்த துண்டு ஒன்று தொங்கும். ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். இரண்டாவது வகையில் ஊர்ப்பெயர் 33 பைட் ஆகிவிடும். திரையில் இரண்டும் ஒன்றே. இத்தகைய வேறுபட்ட குறித்தொடர்களை ஒன்றாக்கும் நிகராக்கம் செய்யாத தேடலுக்கு அவை வேறு வேறு ஊர்கள்.

‘ஸ்ரீ’ இதனினும் கடினமானது. ‘ஸ’வில் தொடங்கும் பழைய குறித்தொடரும், 2005இல் யுனிகோட் சேர்த்துக்கொண்ட ‘ஶ’வில் தொடங்கும் தொடரும் பல எழுத்துருக்களில் ஒரே வடிவம் காட்டும். நிகராக்கத்தாலும் இவை ஒன்றாகா. ஸ்ரீதரன் என்பவரின் பதிவு ஒரு தொடரில் கிடக்க, மற்றத் தொடரால் தேடும் அலுவலருக்கு ‘அப்படி ஒருவர் இல்லை’ என்ற விடை கிடைக்கும். இதைச் சிறு குறையென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் சகானா என்ற மென்பொருளை ஆக்கினார்கள். காணாமற்போனோர் பதிவேடு அதன் தலையாய பணிகளுள் ஒன்று. அத்தகைய ஏட்டில் ஒரு பெயர் தேடிக் கிடைக்காமற் போவதன் பொருளை இக்கரையோர மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

மென்பொருள் சோதனைத் துறைக்கு உலகளாவிய சான்றிதழ் உண்டு. 2002இல் தோன்றிய ஐ.எஸ்.ரி.கியூ.பி. அமைப்பின் அடிப்படைத் தேர்வில் 40 வினாக்கள், 60 நிமிடம்; தேற 65 விழுக்காடு, அதாவது 26 புள்ளி வேண்டும். தாய்மொழியல்லாத மொழியில் எழுதுவோர்க்கு நேரத்தில் கால்பங்கு கூடுதலாகக் கிடைக்கும். நிலாவெளி, கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி அறிவியல் பயிலும் மாணவர் கொழும்பில் வேலை தேடும்போது இச்சான்றிதழ் கதவைத் திறக்க உதவும். உலகெங்கும் வழங்கும் ஒரு பொதுச் சொற்றொகுதியையும் தரும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது பொருந்தாது. பாடத்திட்டத்தை மனனம் செய்து 26 புள்ளி எடுக்கலாம். அடையாள அட்டையின் 61ஆம் நாளை எந்தப் பாடத்திட்டமும் சொல்லித்தராது.

அலுவலகங்களில் ‘கியூஏ’ என்று அழைக்கப்படும் சோதனையாளர்கள் தமக்குள் சொல்லிச் சிரிக்கும் கதைகள் இத்தொழிலின் உண்மையை நன்கு ஏந்தி நிற்கின்றன. 2018இல் உலகெங்கும் பரவிய மதுக்கடைக் கதையை நம் தேநீர்க்கடைக்குக் கொண்டுவந்து சொல்கிறேன். சோதனையாளர் கடைக்குள் வருகிறார். ஒரு தேநீர் கேட்கிறார். சுழியம் தேநீர் கேட்கிறார். 99,99,99,999 தேநீர் கேட்கிறார். கழித்தல் ஒன்று தேநீர் கேட்கிறார். ஓர் ஓணான் கேட்கிறார். கடை அசையவில்லை. பிறகு மெய்யான முதல் வாடிக்கையாளர் உள்ளே வந்து கழிப்பறை எங்கே என்று கேட்கிறார். கடை தீப்பற்றி எரிகிறது. வரம்புகளை எல்லாம் பார்த்தவர், மனிதர் எதற்காக வருவார் என்பதைப் பாராமல் விட்டார். ‘என் கணினியில் ஓடுகிறதே!’ என்ற நிரலாளரின் மறுமொழியும் கியூஏ அறைகளில் நகைச்சுவை ஆகிவிட்டது. அது பெரும்பாலும் பொய்யன்று. அவர் கணினியில் திகதி அமெரிக்க வரிசையில் இருக்கும், 04/06 என்பது ஏப்ரல் 6 ஆகும். திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் அதே பதிவைத் திறப்பவருக்கு அது ஜூன் 4.

சோதனைக்கு நல்ல தரவு வேண்டும். மெய்யான மக்களின் பெயரையும் எண்ணையும் அள்ளிப் பயன்படுத்துவது முறையன்று. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அவற்றைக் காக்கவே வந்தது. ஆகவே புனைந்த பெயர்களும் எண்களும் கொண்ட ஒரு பொதுத்தொகுப்பு நமக்கு வேண்டும்: குடும்பப்பெயரின்றித் தந்தை பெயரை முன்னே தாங்கும் தமிழ்ப் பெயர்கள், நீண்ட முதலெழுத்து வரிசையுடைய சிங்களப் பெயர்கள், ஒரே முஸ்லிம் பெயரை நான்கு விதமாக எழுதும் மூதூர், கிண்ணியா வழக்குகள், ‘கோ’வின் இரு வடிவம், ‘ஸ்ரீ’யின் இரு வடிவம், லீப் அல்லாத ஆண்டின் மார்ச் 1. மூன்று மொழியையும் அன்றாடம் காதில் கேட்டு வளரும் திருகோணமலை மாணவர்களுக்கு இதைத் தொகுக்கப் பெருஞ்செலவு ஆகாது. ஒரு பருவத்தின் செயற்றிட்டமாகவே செய்து, எவரும் எடுத்தாளத் திறந்து வைக்கலாம்.