மூலிகையும் மருந்தியலும் – 9: மிளகுப் புதினா

துவையலுக்கும் பிரியாணிக்கும் சேர்க்கப்படும் புதினாவும், பெப்பர்மிண்ட் என்று மருந்துக்கடைகளில் அறியப்படும் மிளகுப் புதினாவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை எனினும், மருந்து என்ற வகையில் ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. சமையல் புதினாவுக்கு மணம் தருவது பெரும்பாலும் கார்வோன் என்னும் பொருள். மிளகுப் புதினா எண்ணெயிலோ மெந்தால் ஏறத்தாழ 30 முதல் 55 விழுக்காடு வரை உள்ளது. நீர்ப்புதினாவும் சமையல் புதினாவும் கலந்து பிறந்த இக்கலப்பினம் முளைக்கும் விதை தருவது மிக அரிதாகையால், தரையோடு ஓடும் தண்டுகளைக் கிள்ளி நட்டே பயிரிடப்படுகிறது. இங்கிலாந்தில் இனங்காணப்பட்டு, 1721-இல் லண்டன் மருந்துநூலில் இடம்பெற்ற இதன் மருத்துவ வரலாறு, புதினா இனத்தின் நெடிய வரலாற்றோடு ஒப்பிடுகையில் அண்மைக்காலத்தது.

மெந்தால் பட்ட இடம் குளிர்வதுபோல் தோன்றினாலும் அங்கே வெப்பநிலை குறைவதில்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளிலுள்ள ஏற்பி, அதாவது தூண்டலை வாங்கிக்கொள்ளும் புரதம், மெந்தாலால் கிளர்ச்சியுறுவதே அவ்வுணர்வுக்குக் காரணம். சளி பிடித்தவருக்கு மூக்கு திறந்துவிட்டதாகத் தோன்றுவதும் இவ்வாறே. ஆராய்ந்து பார்த்தால், காற்று செல்லும் வழி முன்பிருந்த அளவிலேயே இருக்கும். 10 விழுக்காடு எண்ணெய் கலந்த கரைசலை நெற்றியில் தடவினால் இறுக்கத் தலைவலி தணிவதை ஜெர்மானிய ஆய்வுகள் காட்டியுள்ளன.

குடலில் இதன் செயல் வேறு. குடற்சுவரின் மென்தசைகள், அதாவது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தாமே இயங்கும் தசைகள், சுருங்குவதற்குக் கால்சியம் உயிரணுவுக்குள் நுழைய வேண்டும். மெந்தால் அந்நுழைவைத் தடுப்பதால் தசை தளர்ந்து, பிடித்து இழுக்கும் வலி குறைகிறது. புண்ணோ கட்டியோ இல்லாமலே வயிற்றுவலியும் மலப்போக்கில் மாறுதலும் தொடரும் எரிச்சல் குடல் நோய்க்கு இது பரிந்துரைக்கப்படுவது இதனால்தான். அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி 2021-இல் இதனை ஏற்றபோதும், சான்றின் தரம் குறைவு என்றே குறித்தது. முந்தைய ஆண்டு வெளியான நெதர்லாந்து ஆய்வோ முதன்மை இலக்கை எட்டவில்லை. ஆகவே நோயைத் தீர்க்கும் மருந்தாக இதனைக் கொள்ளலாகாது. வலியை ஓரளவு தணிப்பதாகக் கொள்வதே நேர்மை. அந்த ஆய்வுகளும் எண்ணெய் அடைத்த உறைமாத்திரைகளைக் கொண்டு நடத்தப்பட்டவையாதலால், ஒரு கோப்பை புதினாத் தேநீருக்கு அப்பலனை உரிமை கோர இடமில்லை.

தசையைத் தளர்த்தும் அதே செயல்தான், உணவுக்குழாயின் அடிவாயிலில் நிகழும்போது தீங்காகிறது. அங்குள்ள வளையத்தசை தளர்ந்தால் இரைப்பை அமிலம் மேலேறி நெஞ்செரிச்சல் மிகும். இதைத் தவிர்க்கவே, இரைப்பையில் கரையாமல் குடலில் மட்டும் கரையும் மேற்பூச்சு மாத்திரைக்கு இடப்படுகிறது. அதனைக் கடித்துத் தின்பதும், அமில முறிவு மருந்தோடு சேர்த்து விழுங்குவதும் பூச்சை முன்கூட்டியே கரைத்து, எந்த இடத்தில் எண்ணெய் சேரக்கூடாதோ அங்கேயே சேர்த்துவிடும். எதுக்களிப்பு உள்ளவர்களும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடலாகாது. எண்ணெயில் சிறிதளவு கலந்திருக்கும் புலிகோன் மிகுந்தால் கல்லீரலைத் தாக்கும் என்பதால், ஐரோப்பிய விதிகள் அதன் அளவுக்கு வரம்பு கட்டியுள்ளன.

குழந்தைகள் விஷயத்தில் கண்டிப்பு இன்னும் கூடுதலாக வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கருகிலோ மார்பிலோ மெந்தால் கலந்த எதையும் தடவினால், குரல்வளை திடீரென இறுகி மூச்சு நின்றுபோகும் அபாயம் உண்டு. நம் நாட்டு மருந்துக்கடைகளில் புதினா உப்பு என்று கிடைக்கும் வெண்ணிற ஊசிப்படிகங்கள் ஏறக்குறைய முழுவதுமே மெந்தால்தான். அவற்றோடு ஓம உப்பையும் கற்பூரத்தையும் சம அளவில் ஒரு புட்டியிலிட்டுக் குலுக்கினால், சொட்டு நீரும் சேர்க்காமலே மூன்றும் உருகித் தெளிந்த திரவமாகிவிடுகின்றன. தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் வீட்டில் வைத்திருக்கும் அப்புட்டியைப் பெரியவர்கள் மேற்பூச்சாகப் பயன்படுத்தலாம் என்றாலும், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், பெயர் எழுதி ஒட்டி, இறுக மூடியே வைக்க வேண்டும். அதிலுள்ள கற்பூரம் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். கற்பூரத்தின் அந்நச்சுத்தன்மையை அடுத்த பகுதி விரிவாக ஆராயும்.